சீயக்காப் பாலும் ஏழே முக்கால் மினி பஸ்ஸும்

நகரு, நகரு. அத்தைக்கும் கொஞ்சம் பாய்ல எடம் விடு. போர்வைய இழுக்காதடி, கிழிஞ்சுரும். என்னது, பேய்க் கதையா? உங்கம்மா என்னையத் தொலைச்சுருவா. ராசா ராணியெல்லாம் நேத்தோட சரி. இன்னிக்கு பஸ்ஸுக் கதை. நான் சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும். கொட்டலைன்னா நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன். சரியா?

ம்.

ஒரு ஊர்ல ஒரு மினி பஸ்ஸு. அந்த மினி பஸ்ஸ ஓட்டணும்னு ஆசைப்பட்ட ஒரு அம்மா. அவ பேரு அன்னக்கொடி. எந்த ஊருன்னா, ஒட்டன்சத்திரத்துக்கு மேக்க, மலை அடிவாரத்துல ஒரு ஊரு. காலைல அந்த பஸ்ஸு முழுக்கத் தக்காளிக் கூடையும் முருங்கைக்காக் கட்டும்தான். மனுசங்க சும்மா இண்டு இடுக்குல நிப்பாங்க.

அன்னக்கொடி அவங்கப்பாவோட டெம்போவ ஓட்டிப் பழகுனவ. ஹெவி லைசென்ஸு வேற எடுத்து வச்சிருந்தா. எங்க வச்சிருந்தா? பீரோவுல. அஞ்சு வருசமா லைசென்ஸு பீரோவுல படுத்துக் கெடக்கு, இவ அடுப்படியில நின்னுக்கிட்டு இருக்கா. அப்போ ஒரு நாள் மினி பஸ் டிரைவரு வேலைய விட்டுட்டு வெளியூரு போயிட்டாரு. இவ விடுவாளா? முந்தானையச் சொருகிக்கிட்டு நேரா பஸ் மொதலாளி ரெங்கநாயகத்துக்கிட்ட போயி நின்னா. "அண்ணே, நான் ஓட்டுறேன்"ன்னா.

அவரு மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சு, மறுபடி மாட்டிக்கிட்டுப் பாத்தாரு. "மூணு நாள் ஓட்டிப் பாரு. காலைல ஏழே முக்காலுக்கு வண்டி மார்க்கெட் வாசல்ல நிக்கணும். எட்டு மணிக்கு ஏலம். லேட்டாப் போன தக்காளிய நாய் கூட மோந்து பாக்காது. நேரத்துக்கு வந்துட்டா வேலை உனக்கு. இல்லைன்னா சாவியக் குடுத்துட்டுப் போயிரு"ன்னாரு.

"சரிண்ணே"ன்னு சாவிய வாங்கிட்டு வந்துட்டா. வர்ற வழியெல்லாம் சிரிப்பு. தனியா சிரிச்சுக்கிட்டு வர்றாளேன்னு ரோட்டுல ஒரு ஆடு கூட நின்னு பாத்துச்சு.

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

கேளு. அவ வீட்டுல ஒரு கோளாறு இருந்துச்சு. என்னன்னா, அந்த வீட்டுல எந்தப் பொருள் எங்க இருக்குன்னு அன்னக்கொடிக்கு மட்டும்தான் தெரியும். பிஸ்கட் டப்பாவத் தொறந்தா ஊசி நூலு இருக்கும். ஐஸ்கிரீம் டப்பாவத் தொறந்தா புளி. டீத்தூள் டப்பாவுல மல்லித்தூளு. சத்துமாவு டப்பாவுல என்னன்னு நெனைக்கிற? சீயக்காத்தூளு! சிரிக்காதடி, உங்கம்மா வச்சிருக்குற அந்த நீலக் கலர் பிஸ்கட் டப்பாவ நாளைக்குத் தொறந்து பாரு, அப்புறம் தெரியும்.

வீட்டுக்காரரு பேரு தங்கமாயன். கெணத்து மோட்டாரு ரிப்பேர் பண்ற மெக்கானிக்கு. கண்ணக் கட்டி விட்டாலும் மோட்டாரப் பிரிச்சு மாட்டிருவாரு. ஆனா கடுகு எங்கன்னு கேட்டா முழி பிதுங்கும். பெரியவன் தருண், ஏழாப்பு. சின்னவ இலக்கியா, மூணாப்பு. மூணு பேருக்கும் வாய்ல ஒரே மந்திரம்தான். "அம்மா, சாக்ஸ் எங்க? அம்மா, துண்டு எங்க? ஏ அன்னம், என் பேனா எங்க?" பேனா அவரு சட்டைப் பையிலயே இருக்கும்!

அப்போ மொத நாள் வந்துச்சு. அன்னக்கொடி மூணரை மணிக்கே எந்திரிச்சா. டப டபன்னு சோறு வடிச்சு, சர்ருன்னு தாளிச்சு, டிபன் பாக்ஸெல்லாம் கட்டி வச்சுட்டு, காக்கிச் சட்டையப் போட்டுக்கிட்டு ஓடுனா. டுர்ர்ர்ருன்னு வண்டியக் கெளப்பி, ஏழே முக்காலுக்கு முன்னாடியே மார்க்கெட்டுல நிறுத்திட்டா. மொதலாளி வாச்சப் பாத்துட்டுத் தலைய ஆட்டுனாரு.

இங்க வீட்டுல என்னாச்சுன்னு கேளு. "அம்மா இல்லைன்னா என்ன, அப்பா பால் கலந்து தர்றேன்"னு தங்கமாயன் சத்துமாவு டப்பாவ எடுத்தாரு. ரெண்டு கரண்டி அள்ளிப் போட்டு, டம்ளர்ல சொர்ர்ர், சொர்ர்ருன்னு ஆத்துறாரு. நுரை பொங்குது! "பாத்தியா, உங்கம்மா கலந்தா இப்படி நுரை வருமா?"ன்னு பெருமை வேற. தருண் ஒரு வாய் குடிச்சான். தூ தூ தூன்னு வாசல் வரைக்கும் துப்பிக்கிட்டே ஓடுனான். அப்பாவுக்கு நம்பிக்கை வரல, அவரும் ஒரு வாய் குடிச்சுப் பாத்தாரு. அவரும் பின்னாடியே ஓடுனாரு.

அப்புறம் போன் போட்டாங்க. வண்டி ஓட்டும்போது போன எடுக்கக் கூடாதுல்ல? அவ எடுக்கல. மார்க்கெட்டுல எறங்கிப் பாத்தா இருபத்திமூணு மிஸ்டு கால். சாயங்காலம் வீட்டுக்குப் போனா, பிள்ளைங்க ரெண்டும் பசியோட பள்ளிக்கூடத்துக்கு லேட்டாப் போயி, டீச்சருகிட்டத் திட்டு வாங்கிட்டு வந்திருக்கு.

அப்போ இந்த அன்னக்கொடி என்ன சொல்லணும்? நீங்களே கத்துக்கங்கன்னு சொல்லணுமா இல்லையா? சொல்லல! "பரவால்ல, நாளைக்கு நான் இன்னும் வெள்ளனா எந்திரிச்சுக்கிறேன்"ன்னா. எனக்கு வருது பாரு கோவம்.

ம்.

ரெண்டாம் நாளு. ரெண்டு மணிக்கு எந்திரிச்சா. சாக்ஸ் முதக்கொண்டு எடுத்து, ஜோடி போட்டு, ஷூ மேல வச்சா. பால ஃபிளாஸ்க்குல ஊத்தி வச்சா. வண்டியில ஏறும்போதே ஆஆஆவ்னு கொட்டாவி. கியரு போடுறா, கொட்டாவி. ஹாரன் அடிக்கிறா, கொட்டாவி. முன் சீட்டுல தக்காளிக் கூடையோட ஒக்காந்திருந்த காமாட்சி, "யாத்தீ, நீ கண்ணத் தொறந்து ஓட்டு தாயி"ன்னு சாமியக் கும்பிட ஆரம்பிச்சுட்டா.

வண்டி அவங்க வீட்டுத் தெரு முக்குக்கு வந்துச்சு. பாத்தா, நடு ரோட்டுல மூணு பேரு கையக் கோத்துக்கிட்டு நிக்கிறாங்க. தங்கமாயன், தருண், இலக்கியா! கிரீச்ச்னு பிரேக்கு. கூடையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு, தக்காளி உருண்டு ஓடுது.

"அம்மா, என் பெல்ட் எங்க?"

"அம்மா, என் ரேங்க் கார்டு எங்க? கையெழுத்துப் போடு!"

"ஏ அன்னம், கேஸ் தீந்துருச்சு, புக்கு எங்க வச்ச?"

பஸ்ஸே கத்துது. "ஏய்யா, ஏலம் போச்சுய்யா! வழிய விடுய்யா!" இவ ஜன்னல் வழியா ஒவ்வொண்ணா சொல்றா, பெல்ட் கட்டிலுக்கு அடியில, ரேங்க் கார்டு சாமி படத்துக்குப் பின்னாடி, கேஸ் புக்கு அரிசி டிரம்முக்குள்ள. ஆமா, அரிசி டிரம்முக்குள்ள! அவங்க மறுபடி மறுபடி கேக்குறாங்க, இவ மறுபடி மறுபடி சொல்றா. மார்க்கெட்டுக்குப் போகும்போது மணி எட்டு அஞ்சு.

மொதலாளி வாசல்ல நிக்கிறாரு, கைய நீட்டிக்கிட்டு. "சாவி"ன்னாரு. அன்னக்கொடிக்குக் கண்ணுல தண்ணி முட்டிருச்சு. அப்போ காமாட்சி கூடைய டம்முன்னு எறக்கி வச்சா. "அண்ணே, என் தக்காளிதான நசுங்குச்சு? நானே சொல்றேன், இந்தப் பிள்ளை வண்டிய நல்லாத்தான் ஓட்டுது. வீட்டத்தான் ஓட்டத் தெரியல. இன்னொரு நாள் பாருங்க"ன்னா. மொதலாளி பெருமூச்சு விட்டாரு. "நாளைக்கு மட்டும்தான். ஒரு நிமிசம் பிந்துனாலும் சாவி எங்கிட்ட வந்துரணும்."

என்னடி, கண்ணத் தொடைக்கிற? அழுறியா? அட லூசு, கதைதான. மீதியக் கேளு.

அன்னிக்குச் சாயங்காலம் அன்னக்கொடி வீட்டுக்கு வந்தா. காக்கிச் சட்டையக் கூடக் கழட்டல. அடுப்படி நடுவுல ஒரு ஸ்டூலப் போட்டு ஒக்காந்தா. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டா. "இன்னிக்கு எனக்குக் கை கெடையாது. வாய் மட்டும்தான் இருக்கு. ஒவ்வொரு டப்பாவா எறக்குங்க"ன்னா.

எறக்குனாங்க. கட கட, டமார்! தொறந்து மோந்து பாத்தாங்க. அச்சூ! அது மொளகாப்பொடி. அச்சூ அச்சூ! அது மெளகுப்பொடி. தங்கமாயன் மோட்டாருக்குச் சுத்துற கறுப்பு இன்சுலேசன் டேப்பக் கொண்டாந்து துண்டு துண்டா ஒட்டுனாரு. அதுல இலக்கியா வெள்ளைப் பேனாவால எழுதுனா. "கடுகு." "புளி." சீயக்காவுக்கு மட்டும் பெருசா, "குடிக்காதே."

அப்புறம் தருண் சொன்னான், "எங்களுக்கு வேண்டியத எங்களுக்கு எட்டுற மாதிரி வச்சா நாங்க ஏன் ஒன்னயக் கூப்பிடப் போறோம்?" பாத்தியா, அம்புட்டு நாளா அது யாருக்கும் தோணல. தட்டு, டம்ளரு, சத்துமாவு எல்லாம் கீழ்த் தட்டுக்கு எறங்குச்சு. கதவுப் பக்கத்துல ஆளுக்கு ஒரு ஆணி அடிச்சாங்க. பை, பெல்ட்டு, சாக்ஸு எல்லாம் ராத்திரியே அந்த ஆணியில தொங்கணும். ரேங்க் கார்டுன்னா சாப்பிடுறதுக்கு முன்னாடியே கையெழுத்துக்கு வந்துரணும். மறுநாளைக்குக் காய நறுக்குறது தங்கமாயன், டிவி பாத்துக்கிட்டே. அந்த மனுசன் பீன்ஸ விரல் நீளத்துக்கு நறுக்குறாரு! அன்னக்கொடிக்குக் கையி பரபரங்குது. ஆனா எடுக்கலையே, தொடைக்கு அடியிலதான் வச்சிருந்தா.

அப்போ அவளே மெதுவாச் சொன்னா. "தப்பு எம்மேலயும்தான். நான் இல்லைன்னா இந்த வீடு ஓடாதுன்னு எனக்கு ஒரு பெருமை இருந்துச்சு. அதான் யாருக்கும் எதையும் காட்டித் தரல." தங்கமாயன் எந்திரிச்சு, "சரி, டீ போடட்டா?"ன்னாரு.

ம்... ம்...

இந்தா முடியப் போகுது. மூணாம் நாளு. நல்லாத் தூங்கி, அஞ்சு மணிக்கு எந்திரிச்சா. நறுக்கி வச்ச காய அப்படியே அள்ளிப் போட்டு வதக்கி வச்சுட்டுக் கெளம்புனா. டுர்ர்ர்ர். கொட்டாவியே இல்ல. வீட்டுத் தெரு முக்கு வந்துச்சு. ரோட்டுல யாரும் இல்ல. நிம்மதியா இருந்துச்சு. கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில பின்னாடி பின்னாடி பாக்க ஆரம்பிச்சுட்டா. ஏன் யாருமே வரல? எந்திரிச்சாங்களா? ஒருத்தரும் என்னையத் தேடலையான்னு ஒரு வருத்தமும் வந்துருச்சு. அம்மா மனசு அப்படித்தான், கூப்பிட்டாலும் குத்தம், கூப்பிடலைன்னாலும் குத்தம்.

அப்போ பள்ளிக்கூடத்து வளைவுல ரெண்டு பேரு நடந்து போறாங்க. தருணும் இலக்கியாவும்! இலக்கியாவுக்கு ஒரு சடை காதுக்கு மேல, இன்னொரு சடை கழுத்துல. அவங்கப்பா பின்னி விட்டது. அன்னக்கொடி மெதுவா வண்டிய ஓரங்கட்டித் தலைய நீட்டுனா. "ஏண்டி, எதாச்சும் வேணுமா?"

இலக்கியா நிமிந்து பாத்தா. "ஒண்ணும் வேணாம். நேரமாகுதும்மா, நீ போ!" சொல்லிட்டு பஸ்ஸோட பக்கத் தகரத்துல டப்பு டப்புன்னு ரெண்டு தட்டு தட்டுனா. "போலாம் ரைட்!"

பஸ்ஸே சிரிச்சுச்சு. அன்னக்கொடியும் சிரிச்சா, கண்ணத் தொடச்சுக்கிட்டே கியரப் போட்டா. மார்க்கெட் வாசல்ல நிறுத்தும்போது ஏழு நாப்பத்தி மூணு. எறங்கி மொதலாளிகிட்ட சாவிய நீட்டுனா. "எங்கிட்ட எதுக்கும்மா குடுக்குற?"ன்னாரு அவரு. "நாளைக்கு வண்டிய நானா ஓட்டப் போறேன்?"

அம்புட்டுத்தான். கூடையெல்லாம் எறக்கியாச்சு, வண்டியும் ஷெட்டுக்குப் போயிருச்சு, கதையும் எறங்கி நடந்து போயிருச்சு. நீயும் கண்ண மூடித் தூங்குடி தங்கம்.