மணிக்கூண்டு பங்களாவில் பசிச்ச பேய்

ஒரு ஊர்ல ஒரு... ஊர் என்ன ஊர், நம்ம மெட்ராஸ்தான். புரசவாக்கத்துல ஒரு பெரிய பங்களா, உச்சியில மணிக்கூண்டு. டேய், உதைக்காம படு. "ம்" கொட்டலன்னா நிறுத்திடுவேன்.

"ம்."

அந்த வீட்டுல தாயாரம்மான்னு ஒரு மகராசி. வீட்டு மனுஷங்க, வண்டிக்காரன், வாசல் பெருக்கறவ எல்லாரும் சாப்பிட்டாத்தான் அவ சோத்துல கை வைப்பா. அப்புறம் ஒருநாள் செத்துப்போயிட்டா, பாவம்.

அப்போ அவ மகன் ஏகாம்பரம் அமாவாசைக்குப் படையல் போட்டான். வடை, பாயசம் எல்லாம் இலையில வெச்சு, கதவைச் சாத்திட்டு வெளிய நின்னாங்க. செத்தவங்க சாப்பிட்டு, காக்கா வந்து வெளிய வெச்ச சோத்தைத் தொட்டாத்தான் வீட்ல இருக்கறவங்க சாப்பிடலாம். அதான் வழக்கம். காக்கா வரவேயில்ல. உள்ள சலக் சலக்னு மெட்டிச் சத்தம்! கதவு கிரீச்... "சாப்டியா?"

ஐயையோ, தாயாரம்மா குரல்! ஏகாம்பரம், "இ... இல்லம்மா"ன்னான். டமார்! கதவு சாத்திக்கிச்சு.

"ஏன் பெரியம்மா?"

அதான் ஒருத்தனுக்கும் புரியல. அடுத்த அமாவாசைக்கு வேப்பிலை கட்டினாங்க. "சாப்டியா?" டமார். அப்புறம் எலுமிச்சம்பழம் நறுக்கிப் போட்டாங்க. "சாப்டியா?" டமார். அப்புறம் ஒரு மந்திரவாதி வந்து டுமுடுமுன்னு உடுக்கை அடிச்சான். அவனையும், "சாப்டியா?" அவன் அன்னிக்கு விரதம். "இல்ல தாயே"ன்னான். டமார்! உடுக்கையைப் போட்டுட்டு ஓடியே போயிட்டான். வந்தவ கோவமா வந்தாளா, ஆசையா வந்தாளா? ஒண்ணும் விளங்கல.

தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

அப்போ ஏகாம்பரம் சொல்லிட்டான், "இந்த அமாவாசையும் காக்கா வரலன்னா வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பிடலாம்." அவன் பொண்டாட்டி மரகதம் நிறைமாசக்காரி. வயித்தைத் தூக்கிக்கிட்டு எங்க போவா? அவளுக்கு அழுகை அழுகையா வந்துச்சு. காலையிலேருந்து பட்டினி வேற.

அன்னிக்கும் கிரீச்... "சாப்டியா?"

மரகதம் விருட்டுனு உள்ள போனா. படையல் வடையை எடுத்து மொறுக் மொறுக்னு கடிச்சுட்டா!

"அடிப்பாவி!"ன்னு கத்தினான் ஏகாம்பரம்.

"சும்மா இருங்க. எங்கம்மாவும் இப்படித்தான், நாங்க சாப்பிடாம சாப்பிட மாட்டா"ன்னு சொல்லிட்டு, "நான் சாப்ட்டேன் அத்தை. இவங்களும் சாப்பிடுவாங்க. நீங்களும் உக்காருங்க"ன்னா.

எல்லாரும் நடுங்கிக்கிட்டே இலை போட்டு உக்காந்தாங்க. சலக்... சலக்... மெட்டிச் சத்தம் படையல் இலைகிட்ட வந்து நின்னுச்சு. கதவு சாத்திக்கல. வெளிய கா... கா... கா!

பாத்தியா, இவங்க சாப்பிடட்டும்னு அவ காத்திருக்கா. அவ சாப்பிடட்டும்னு இவங்க காத்திருக்காங்க. ரெண்டு பக்கமும் பட்டினி! அப்புறம் அவ வரவேயில்ல. அவ்ளோதான், கதையை மடிச்சு வெச்சாச்சு, கண்ணை மூடு.

"பெரியம்மா..."

என்னடா இன்னும்?

"நீ சாப்டியா?"

நீ தூங்கு, அப்புறம் சாப்பிடறேன்.

"அப்போ நீயும் பேயா வந்து கேப்பியா?"

அட கழுதை! ...சரி, தட்டை இங்கயே எடுத்துட்டு வரேன். உன் முன்னாடியே சாப்பிடறேன். பாத்துட்டுத் தூங்கு, என் ராஜா.