கோடை ஃபண்டைக் காத்த முள்ளம்பன்றி

தேரிக்காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. பெயர் மாடக்கண்ணு. பார்த்தால் பயமாக இருக்கும். மனசு மட்டும் பச்சைப் பிள்ளை மனசு.

ஒருநாள் சொர்ணம் என்கிற மைனா எல்லாரையும் கூட்டியது. அது ஊருக்குள் கூட்டுறவுச் சங்கத்து ஜன்னலில் குடியிருப்பது. அதனால் இரண்டு வார்த்தை இங்கிலீஷ் தெரியும். அலட்டல் நூறு வார்த்தைக்கு இருக்கும்.

“நாமளும் ஒரு ஃபண்டு வைக்கணும்!” என்றது மைனா.

“அப்படின்னா என்னக்கா?” என்று கேட்டது பேச்சி என்கிற வெள்ளெலி.

“ஒரு காரியத்துக்குன்னு எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து வைக்கிறது. அந்தக் காரியத்தைத் தவிர வேற எதுக்கும் தொடக் கூடாது!”

போன கோடையில் பசி தாங்காமல் பாதிப் பேர் காட்டை விட்டே போயிருந்தார்கள். அதனால் யாரும் மறுக்கவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆளுக்கு ஒரு பிடி கடலை தருவது என்று முடிவானது. பெயர் கோடை ஃபண்டு. காவல் மாடக்கண்ணு. அதன் வளை மேட்டில் இருந்தது, தண்ணீர் ஏறாது. அந்த முள்ளைத் தாண்டி எந்தத் திருடனும் உள்ளே போக மாட்டான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. நாள் கணக்கில் விடவே இல்லை. பள்ளத்தில் இருந்த பேச்சியின் வளை இடிந்து, அது சேர்த்து வைத்திருந்த தானியம் அத்தனையும் போய்விட்டது. மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்தது.

“அண்ணாச்சி, பிள்ளைங்க ரெண்டு நாளா பட்டினி. ஃபண்டுல ஒரு பிடி கொடுங்க!”

மாடக்கண்ணு தவித்துப்போனது. “இது கோடை ஃபண்டு தங்கச்சி. இப்போ மழைல்லா பெய்யுது! எல்லார் பொருளையும் நான் எப்படித் தொடுவேன்?”

பேச்சி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு திரும்பியது.

“நில்லு!” மாடக்கண்ணு உள்ளே ஓடி இரண்டு கிழங்கை எடுத்து வந்தது. “இது என் சாப்பாடு. ஃபண்டு இல்ல. தைரியமா எடுத்துக்கோ. நாளைக்கும் வா.”

மறுநாளும் கொடுத்தது. அதற்கு மறுநாளும் கொடுத்தது. தான் சாப்பிட்டுவிட்டதாகத் தினமும் பொய் சொன்னது. வெளியே போய் இரை தேடவும் முடியாது, காவலை விட்டு எப்படி நகர்வது? கடலைக் குவியல் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு யாராவது பட்டினி கிடப்பார்களா? பாவம், அது கிடந்தது!

ஏழாம் நாள் பேச்சி வந்து கூப்பிட்டபோது பதில் வரவில்லை. எட்டிப் பார்த்தது. மாடக்கண்ணு கண் செருகிக் கிடந்தது. மூச்சு மட்டும் லேசாக ஓடியது.

“ஐயோ அண்ணாச்சி!” பேச்சி மழையோடு மழையாக ஓடி எல்லாரையும் கூட்டி வந்தது. உடும்பு வந்தது, கீரி வந்தது, சொர்ணமும் பறந்து வந்தது. ஒருவரும் குவியலில் கை வைக்கவில்லை. “கோடை ஃபண்டாச்சே!” என்று தயங்கி நின்றார்கள்.

சொர்ணத்துக்கு அழுகை வந்துவிட்டது. “நான் பாதிதான் சொன்னேன்! சங்கத்துல அவசரம்னா எல்லாரும் கூடிக் கையைத் தூக்குவாங்க. பாதிப் பேருக்கு மேல தூக்கினா ஃபண்டை எடுக்கலாம். சேர்க்கிறதைச் சொன்ன அவசரத்துல எடுக்கிறதைச் சொல்ல விட்டுட்டேனே!”

அது சொல்லி முடிப்பதற்குள் ஒரு சின்னக் கை மேலே போனது. பேச்சியின் கை! அதன் பிள்ளைகளும் தூக்கின. உடும்பு தூக்கியது, கீரி தூக்கியது. சொர்ணம் இரண்டு சிறகையும் தூக்கியது.

பேச்சி கடலையை மென்று கூழாக்கி மாடக்கண்ணுவின் வாயில் வைத்தது. அது மெல்லக் கண்ணைத் திறந்தது.

“இது... ஃபண்டா?” என்று பயந்து கேட்டது.

“ஃபண்டுதான் அண்ணாச்சி. எல்லாரும் சேர்ந்து கொடுக்கிறோம். முழுங்குங்க!”

பொதுவில் சேர்த்த பொருளைக் கட்டிக் காப்பது நல்ல குணம்தான், ஆனால் சேர்த்தவர்களில் ஒருவர் உயிர் போகும்போதும் திறக்காத சேமிப்பால் யாருக்கும் பயனில்லை.