மூன்று வளைகாப்பு

சகாயராஜ் பதினைந்து வருடம் பிரசவம் பார்த்த டாக்டர். பரம்பரை நோய்ப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வந்த இடத்தில், தன்னைவிட எட்டு வயது இளைய நசீமாவிடம் கற்க வேண்டியிருந்தது. அது அவருக்குக் கொஞ்சம் கசக்கத்தான் செய்தது.

அன்று பேச்சியம்மாள் கணவனோடு வந்திருந்தாள். பதினோரு வாரக் கர்ப்பம். தாய்மாமனைக் கட்டியவள் என்பதால் ஊர் டாக்டர் அனுப்பியிருந்தார்.

சகாயராஜ் குடும்பப் படம் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கட்டியவர்களுக்கு இரட்டைக் கோடு.

"எத்தனை பிள்ளைங்கம்மா?"

"ஒண்ணுமில்ல டாக்டரய்யா."

கோட்டுக்குக் கீழே காலியாக விட்டார்.

"தலைச்சன்னா பயம் இருக்கத்தான் செய்யும். ஸ்கேன் போதும், போயிட்டு வாங்க."

நசீமா படத்தை வாங்கிப் பார்த்தார்.

"கல்யாணமாகி ஒன்பது வருஷம்னு எழுதியிருக்கீங்க. கீழ ஏன் காலி?"

"பிள்ளையே இல்லங்கறாங்க மேடம்."

நசீமா பேச்சியம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"உனக்கு வளைகாப்பு எத்தனை தடவம்மா நடந்துச்சு?"

"மூணு தடவ."

"பிள்ளைங்களுக்குக் கழுத்து நின்னுச்சா?"

"ஒண்ணுக்கும் நிக்கலம்மா. ரெண்டு பொண்ணு, ஒரு பையன். பொறந்து எட்டு மாசத்தத் தாண்டல."

கணவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். நசீமா இரண்டு வட்டமும் ஒரு சதுரமும் போட்டு, இறந்ததற்கு அடையாளமாக ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோடு கிழித்தார். சகாயராஜ் மட்டும் இருந்திருந்தால் அவர்களை அனுப்பியே விட்டிருப்பார்.

இருவரின் ரத்தமும் நச்சுக்கொடித் திசுவும் சோதனைக்குப் போயின. இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. வயிற்றில் இருப்பதற்கும், மூன்று பிள்ளைகளையும் கழுத்து நிற்கவிடாமல் கொண்டுபோன அதே தசைநோய்.

"எங்கிட்டதான் குறையா டாக்டரம்மா?"

"ரெண்டு பேர்கிட்டயும் பாதிப் பாதி இருக்கும்மா. பாதி இருந்தா ஒண்ணும் செய்யாது. ரெண்டு பாதியும் ஒரு பிள்ளைகிட்ட சேர்ந்தாதான் நோய். நாலுல ஒண்ணுக்குத்தான் அப்படிச் சேரும்."

"எனக்கு நாலும் அப்படியே வந்துருச்சே."

வைத்துக்கொள்வதும் கலைப்பதும் அவர்கள் முடிவு, யோசித்து வரட்டும் என்று நசீமா சொல்லி அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து அவர்களே வந்தார்கள். "இன்னொண்ணையும் மடியில போட்டுப் பாத்துக்கிட்டிருக்க என்னால முடியாது" என்றாள் பேச்சியம்மாள். கர்ப்பம் கலைக்கப்பட்டது.

மாலையில் சகாயராஜ் அந்தப் படத்தைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார். கையில் பேனா இருந்தது.

"இதையும் போடணுமா மேடம்? விரல் நீளந்தான் இருந்துச்சு. வளைகாப்புகூட நடக்கல."

"இனி எந்த டாக்டர் கேட்டாலும் அவ ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவா. நீங்க போடுங்க."