படுக்காத புல்

ஞானக் கதைகளில் வெண்தாடி குருவுக்கு இருக்கும். இந்தக் கதையில் அது சீடனுக்கு இருந்தது.

சீடனின் பெயர் அருணகிரி. வயது அறுபத்து மூன்று. நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் அளவுச் சங்கிலி இழுத்து ஓய்வு பெற்றவர். குருவின் பெயர் பெனிட்டா. வயது இருபத்தெட்டு. கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் மீன் விற்காத ஒரே கடை அவளுடையது. தண்ணீருக்குள் வளரும் செடிகளை மட்டும் விற்றாள்.

முதல் நாள் அவர் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"மெத்தை மாதிரி படர்ற புல் ஒண்ணு இருக்காமே?"

"இருக்கு சார். கார்பெட் செடிம்பாங்க. மண்ணோட மண்ணா படுத்துப் படரும். செருப்பைப் போட்டுக்கங்க, இது கோயில் இல்ல. எத்தனை மீன் விடப்போறீங்க?"

"மீன் வேணாம்."

"இறால்?"

"ஒண்ணும் வேணாம். புல் போதும். மெத்துனு இருக்கணும், அவ்வளவுதான். எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நீங்கதான் குருவா இருந்து சொல்லிக் குடுக்கணும்."

"குரு எல்லாம் வேணாம் சார். சொன்னதைக் கேட்டா போதும்."

அவர் அன்று முதல் அவளைக் குரு என்றே அழைத்தார். அவள் அவரை சார் என்றே அழைத்தாள். யார் யாருக்குச் சீடர் என்று மூன்றாம் மனிதருக்குக் குழப்பம் வரும். நல்லவேளையாகக் கடைக்கு மூன்றாம் மனிதர் அதிகம் வருவதில்லை.

அவர் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருந்தது.

அவருடைய மனைவி சௌந்தரம் பதினோரு மாதம் படுக்கையில் கிடந்து இறந்திருந்தாள். முதுகெல்லாம் புண். காற்று மெத்தை, தண்ணீர் மெத்தை, இலவம்பஞ்சு, எதுவும் சரிப்படவில்லை. கடைசி மாதத்தில் அவள் பேசிய சொல் பெரும்பாலும் ஒன்றுதான். "உறுத்துது." இடது பக்கமாக ஒருக்களித்து, அவர் உட்காரும் நாற்காலியைப் பார்த்தபடி கிடப்பாள். அவர் எழுந்தால் கண் கூடவே எழும்.

எரித்த மறுநாள் பால் தெளித்து எலும்பு பொறுக்கினார்கள். மகன் பானையைக் கடலில் விட்டான். "யாரும் திரும்பிப் பாக்காம வாங்க" என்றார் சடங்கு செய்தவர். யாரும் பார்க்கவில்லை. அருணகிரிக்குப் பார்க்கத் தேவையும் இல்லை. ஒரு விரல் எலும்பு அவர் வேட்டி மடிப்பில் இருந்தது.

எலும்பு தண்ணீரில் சேர வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கண்ணாடித் தொட்டியில் இருப்பதும் தண்ணீர்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். எல்லைக் கல்லை இரண்டடி நகர்த்தி நட்டவர்கள் பலரும் அவரிடம் ஏறக்குறைய இதே தொனியில்தான் வாதாடியிருக்கிறார்கள். அவர்களை அவர் நம்பியதில்லை.

தொட்டியின் நடுவில் எலும்பை வைத்தார். மேலே இரண்டங்குலம் கறுப்பு மண் போட்டார். அதன்மேல் உறுத்தாத ஒரு படுக்கை வேண்டும். அதற்குத்தான் புல். அந்த விரலும் போய்விட்டால் வீட்டில் அவர் ஒருவர்தான்.

பெனிட்டா சொல்லிக் கொடுத்தாள்.

"நான் குடுக்கிற கப்புல இருக்கிற புல்லை நகம் அளவுக்குப் பிச்சு, விரல் அகலத்துக்கு ஒண்ணா இடுக்கியால நடுங்க. எட்டு மணி நேரம் லைட். கரியமில வாயு செகண்டுக்கு ஒரு குமிழ். நட்டதுக்கப்புறம் தொடாதீங்க."

"வேர் பிடிச்சுதான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. தோண்டிப் பாக்கிறவங்களுக்கு என்னிக்குமே தெரியாது."

அவர் அளவுகோல் வைத்து நட்டார். பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு எட்டு. தொண்ணூற்றாறு துண்டுகள். ஒன்றுகூடக் கோட்டை விட்டு விலகவில்லை.

பத்தாம் நாள் கடைக்கு வந்தார்.

"எல்லாம் கரையுது குருவே. கூழாயிடுச்சு."

"கரையட்டும் சார். அது நர்சரியில, காத்துல வளர்ந்த இலை. தண்ணிக்குள்ள அதால வாழ முடியாது. பழசு போனாத்தான் தண்ணிக்குன்னு புது இலை வரும். எத்தனை போச்சு?"

"தொண்ணூத்தஞ்சு."

"எண்ணினீங்களா?"

"எண்ணாம?"

"மிச்சம் ஒண்ணும் ரெண்டு நாள்ல போயிடும். பயப்படாதீங்க."

"அது போகாது போல இருக்கு. நடுவுல நிக்குது. ஒரு இலைகூடக் கரையலை. வளர்ந்துகூட இருக்கு."

பெனிட்டா கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தாள்.

"பழைய இலையோடவா?"

"பழைய இலையோட."

"அப்படி நடக்காது சார்."

"நடக்காதுதான்" என்றார் அருணகிரி. அவர் முகத்தில் வருத்தம் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் மற்றத் துண்டுகளில் புது இலை விட்டது. அவை படுத்தன, கொடி விட்டன, படர்ந்தன. ஆனால் நடுவில் இருந்த ஒன்றை நெருங்கவில்லை; அதை ஒட்டி நட்டிருந்தவை மட்டும் துளிர்க்காமலே போயின. அதைச் சுற்றி வெறும் கறுப்பு மண் ஒரு வட்டமாக நின்றது. அவர் அளந்து பார்த்தார். எந்தப் பக்கம் அளந்தாலும் நான்கு விரற்கடை. அத்தனை வருட வேலையில் இவ்வளவு சரியான எல்லையை அவர் பார்த்ததில்லை.

நடுவில் இருந்தது படுக்கவில்லை. ஒற்றைத் தண்டாக ஒரு சாண் உயரம் எழுந்து, முன் கண்ணாடியை நோக்கிச் சாய்ந்தது. முன்னால் அவருடைய நாற்காலி இருந்தது.

நாற்காலியை இடப்புறம் நகர்த்தினார். நான்கு நாளில் தண்டு இடப்புறம் சாய்ந்தது. வலப்புறம் நகர்த்தினார். மூன்று நாள். தொட்டிக்குப் பின்னால் போட்டார். இரண்டு நாள்.

புல்லுக்கு ஓரறிவு என்பது நம் பழைய இலக்கணக்காரர்களின் கணக்கு. தொட்டால் உணரும், அவ்வளவே. பார்வை நான்காவது அறிவாகத்தான் வரும். சுவையையும் முகர்வையும் தாண்டி இந்தப் புல் நேராக நாலாம் வகுப்புக்குப் போயிருந்தது. அருணகிரிக்கு அந்தக் கணக்கு தெரியும். அதனால் அவர் அதற்கு முன்னால் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். மகன் போன் செய்தான், பேத்திக்குப் பல் விழுந்துவிட்டது, கீழ்வீட்டுக்காரர் மறுபடி மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிட்டார். இப்படி.

ஒருநாள் பேசிக்கொண்டே எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது தண்டு சமையலறைப் பக்கம் சாய்ந்திருந்தது. அன்று அவர் பிறகு பேசவில்லை.

மறுநாள் காலை கடை திறக்கும்போது வாசலில் நின்றார்.

"குருவே, செடி ஆளைப் பாக்குமா?"

"வெளிச்சத்தைப் பாக்கும் சார்."

"லைட் நேர் மேல இருக்கு."

"ஜன்னல்?"

"சாத்திப் போர்வை மாட்டியாச்சு."

"டிவி?"

"அது ஓடி ஒரு வருஷம் ஆச்சு."

"கண்ணாடி, பித்தளை, ஏதாவது பளபளன்னு?"

"என் வீட்ல பளபளன்னு இருக்கிறது என் மண்டை ஒண்ணுதான்."

பெனிட்டா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வரேன்" என்றாள்.

வந்தாள். வெயில் உச்சியில் இருந்தது. கூடத்தில் போர்வை மாட்டிய ஜன்னல், ஒரு நாற்காலி, தொட்டி. வேறொன்றும் இல்லை. பச்சைப் படுக்கை தொட்டி முழுக்க விரிந்திருந்தது. அவள் கடையில்கூட அப்படி வந்ததில்லை. நடுவில் வட்டம். வட்டத்துக்குள் தண்டு.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"டீ போடுறேன்" என்று அருணகிரி உள்ளே போனார். சர்க்கரை டப்பா கிடைக்கவில்லை. தேடி எடுத்து, டீ போட்டு, இரண்டு டம்ளரோடு சமையலறை வாசற்படியில் வந்து நின்றார்.

தண்டு வாசற்படியை நோக்கியிருந்தது.

"நாற்காலியை இல்ல சார்" என்றாள் பெனிட்டா. குரல் தாழ்ந்திருந்தது. "உங்களைத்தான்."

"எப்ப திரும்பிச்சு?"

"தெரியல."

"நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?"

"கண்ணை எடுக்காமத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். திரும்பினதை நான் பாக்கல."

டம்ளர்கள் தரையில் வைக்கப்பட்டன. அந்த டீயை யாரும் குடிக்கவில்லை.

அவள் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை எடுத்தாள். தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் மொண்டு, ஒரு மருந்தை ஆறு சொட்டு விட்டுக் குலுக்கினாள். தண்ணீர் நீலமாயிற்று. பிறகு கருநீலமாயிற்று. நிறம் ஒப்பிடும் அட்டையிலிருந்த கடைசிக் கட்டத்தைவிடக் கருத்தது.

"இது பாஸ்பேட். மீன் கழிவுலேருந்து வரும், தீனியிலேருந்து வரும். இங்க மீனும் இல்ல, தீனியும் இல்ல." குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இன்னொண்ணுலேருந்தும் வரும். எலும்பு."

அருணகிரியின் கண் தொட்டியின் நடு வட்டத்துக்குப் போயிற்று.

"மண்ணுக்குக் கீழ யாரு சார்?"

என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து, வேட்டி மடிப்பிலிருந்து தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னார். சொல்ல அதிக நேரம் ஆகவில்லை.

பெனிட்டா கேட்டு முடித்தாள்.

"எங்க வீட்ல புதைப்போம். உங்க வீட்ல எரிச்சு, தண்ணியில விடுவீங்க. நீங்க எரிச்சீங்க, புதைச்சீங்க, அதுமேல தண்ணியையும் ஊத்தியிருக்கீங்க. எந்தச் சாமிகிட்டயும் கேள்வி வரக்கூடாதுன்னா?"

"கிண்டல் பண்ணாதீங்க குருவே."

"பயமா இருக்கு சார். பயத்துல வாய் ஓடும் எனக்கு."

"எடுக்கச் சொல்லிடாதீங்க. இது போனா இந்த வீட்ல நான் மட்டும்தான்."

"நான் எடுக்கச் சொல்லல."

அருணகிரி தொட்டியைப் பார்த்தார். தண்டு இப்போது தரையில் இருந்த அவரை நோக்கித் தாழ்ந்திருந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சுத்தி எல்லாம் படுத்திருக்கு. இவ மட்டும் எழுந்து என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறா. மெத்தை போட்டுக் குடுத்தும் படுக்க மாட்டேங்கிறா. இது பாசமா, கோவமா?"

"எனக்கு மனுஷங்களைத் தெரியாது சார். செடியைத் தெரியும்."

"செடியைத்தான் சொல்லுங்க."

"வேண்டியது கிடைச்சா இந்தச் செடி படுத்துக்கும். கிடைக்கலேன்னாதான் எழுந்து நின்னு எட்டிப் பாக்கும். பாசத்துக்கும் நிக்காது, கோவத்துக்கும் நிக்காது."

அருணகிரி நிமிர்ந்தார்.

"அப்ப எதுவோ போதலை. லைட்டைக் கூட்டவா?"

"லைட் போதும்."

"வாயு?"

"குமிழ் சரியாத்தான் போகுது."

"மண்ணு?"

"என் கடையிலயே அதான் நல்ல மண்ணு."

"வேற என்னதான் போதலை? சொல்லுங்க, இன்னிக்கே வாங்கிப் போட்டுடுறேன்."

பெனிட்டா எழுந்து தொட்டியின் மேல் விளிம்பில் விரலை வைத்தாள்.

"இது எத்தனை லிட்டர்?"

"நாப்பத்திரண்டு" என்றார் அருணகிரி. "மண்ணைக் கழிச்சா முப்பத்தாறு."

"நீளம்?"

"ஒன்றரை அடி."

"அவங்க உயரம்?"

"அஞ்சடி ரெண்டங்குலம்." அளவு என்று வந்ததும் பதில் தானாக வந்துவிட்டது. பிறகுதான் அவர் வாய் மூடியது.

"பதினோரு மாசம் கட்டில்ல கிடந்தவங்க" என்றாள் குரு. "அளவு தெரிஞ்சவர் நீங்க. இதுக்குள்ள அவங்க எப்படி சார் காலை நீட்டுவாங்க?"

தண்டு அருணகிரியை விட்டு பெனிட்டாவின் பக்கம் திரும்பியிருந்தது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவர் தொட்டிக்குள் கை விடுவதற்காகச் சட்டைக் கையை மடிக்கத் தொடங்கினார்.