கரடி மடிக்காத இலை

ஒரு காட்டில், தன்னை நகரம் என்று சொல்லிக்கொண்ட ஒரு மூலை இருந்தது, பிள்ளைகளே. காட்டுக்குள் நகரமா என்று கேட்காதீர்கள். ஒரு பெரிய ஆலமரம். அதன் அடியில் வளையை ஒட்டி வளை, பொந்துக்கு மேல் பொந்து. ஒரு வீட்டில் தும்மினால் மூன்று வீட்டிலிருந்து "நூறாயுசு" என்பார்கள். நகரத்துக்கு இதைவிட நல்ல இலக்கணம் எந்த நிகண்டிலும் கிடையாது. அந்த வட்டாரத்துக்கு ஆலடி என்று பெயர்.

மழை ஓய்ந்து தரை காய்ந்ததும் ஆலடியில் விருந்து வாரம் வரும். ஏழு மாலை, ஏழு வீட்டு அடுப்பு. முயல் கீரை கடையும். முள்ளம்பன்றி கிழங்கு சுடும். மரநாய் பனம்பழத்தை நெருப்பில் வாட்டும். இப்படியே வட்டாரத்தைச் சுற்றி வந்து, கடைசி நாள் மூவரி என்ற அணிலின் இலுப்பைப்பூ அடையோடு வாரம் முடியும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று மனிதர்கள் ஏளனமாகச் சொல்வார்கள். காட்டில் ஆலையே கிடையாது. ஆகவே அங்கே அது ஏளனம் அல்ல, வெறும் தகவல்.

அந்த விருந்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வட்டாரத்தில் மூத்தவருக்குத்தான் முதல் இலை. அவர் உண்டு முடித்து இலையைத் தன் பக்கமாக மடித்தால், அந்த அடுப்பு அடுத்த ஆண்டும் எரியும். மடிக்காமல் எழுந்துவிட்டால், அந்த வீட்டுக்கு அடுத்த ஆண்டு விருந்தில் இடமில்லை. வாரம் முடியும்வரை அந்த இலையை யாரும் எடுக்கவும் கூடாது. வாசலில் கிடக்கும், போகிறவர் வருகிறவர் பார்க்க.

நெடுங்காலம் முதல் இலை யானையாருக்குப் போனது. அவர் சாப்பாட்டோடு இலையையும் சேர்த்துத் தின்றுவிடுவார். அது மடித்ததற்கும் மேல் என்று ஊர் ஒப்புக்கொண்டிருந்தது. அதனால் எந்த அடுப்பும் அணைந்ததில்லை. போன கோடையில் யானையார் தண்ணீர் தேடி வேறு காட்டுக்குப் போய்விட்டார். அடுத்த மூத்தவர் சடையாண்டிக் கரடி. இந்த ஆண்டு முதல் இலை அவர் முன்னால் விரிந்தது.

சடையாண்டி கெட்டவர் அல்ல. அவரிடம் இருந்ததெல்லாம் நினைவு. குட்டியாக இருந்தபோது அவரும் தம்பியும் அம்மாவின் முதுகு மயிரைப் பற்றிக்கொண்டு விருந்துக்கு வருவார்கள். இறங்குவதற்கு முன்பே தம்பி மூக்கை நீட்டி, இன்றைக்கு என்ன சமையல் என்று சொல்லிவிடுவான். அடையின் முறுகிய ஓரம் அவனுக்கு உயிர். அண்ணன் இலையில் இருந்தாலும் கேட்காமல் எடுத்துக்கொள்வான். அப்போது ஆலடியில் புகைகூட இனித்தது. தம்பி மலைக்கு அப்பால் போய் எத்தனையோ மழை ஆகிவிட்டது. போனவன் வரவில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் அடுப்புப் புகை எழும்போது, இந்த முறை அந்த ருசி வந்துவிடும் என்று சடையாண்டி நாக்கைத் தீட்டிக்கொண்டு கிளம்புவார். வந்துவிட்டால் இலையை மடிக்க அவருக்கும் ஆசைதான்.

முதல் மாலை முயலின் கீரை. சடையாண்டி மண்சட்டியின் அடிவரை வழித்துத் தின்றார். கண்ணை மூடி நெஞ்சுக்குள் எதையோ தேடினார். பிறகு, முன்பு இருந்த ருசி இல்லையே என்று பெருமூச்சு விட்டு எழுந்தார். இலை மல்லாந்து கிடந்தது. முயல் பயந்த பிறவி. காதுகளை மட்டும் தொங்கவிட்டது.

முள்ளம்பன்றி கோபக்காரப் பிறவி. தன் வாசலில் இலை மல்லாந்ததும் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டது. மரநாய் விடவில்லை. பழத்தில் என்ன குறை என்று வழிமறித்துக் கேட்டது.

"பழத்தில் குறை இல்லையப்பா" என்றார் சடையாண்டி. "பழத்துக்குப் பின்னால் ஒன்று இருக்கும். அது இல்லை."

விருந்தில் எப்போதும் அவர் பக்கத்து இலையில் உட்காருவது கீரி. வாயாடி. திரும்பும் வழியில் அது கேட்டது: "அண்ணே, வயிறு நிறைந்ததா?"

"நிறைந்தது."

"வயிறு சம்மதித்த பிறகு கை மட்டும் ஏன் முறைத்துக்கொள்கிறது?"

"பொய்யாக மடிக்கச் சொல்கிறாயா?" என்றார் சடையாண்டி.

ஆறு வாசல்களில் ஆறு இலைகள் மல்லாந்தன. ஆலடியில் சமைக்கத் தெரிந்தவர்கள் ஏழு பேர்தான். மற்றவர்கள் சாப்பிடத் தெரிந்தவர்கள். மூவரியின் வாசலிலும் இலை மல்லாந்தால் விருந்து வாரம் என்பதே இனி இல்லை. அடுப்பிழந்த ஆறு பேரும் அவள் பொந்துக்கு வந்து புலம்பினார்கள். மாவில் தேனைக் கொட்டு என்றது முள்ளம்பன்றி.

"தேன் ஊற்றினால், முன்பு இன்னும் தித்தித்தது என்பார்" என்றாள் மூவரி. "அவர் நாக்கோடு நான் சண்டை போட முடியாது. நாளைக்கு நீங்கள் எல்லோரும் பந்தியில் வந்து உட்காருங்கள். அது போதும்."

ஏழாம் மாலை. கோடையில் உதிர்ந்த இலுப்பைப்பூவைக் காயவைத்து, இடித்து, தட்டிய அடை கல்லில் வெந்துகொண்டிருந்தது. அந்த வாசனையில் சடையாண்டிக்கு முதுகு மயிர் சிலிர்த்தது. இலை விரித்தார்கள். தண்ணீர் தெளித்தார். காத்திருந்தார். எல்லோர் இலையிலும் அடை விழுந்தது. அவர் இலையில் மட்டும் ஒன்றும் விழவில்லை.

"மூவரி, என்னை மறந்துவிட்டாயா?"

"மறப்பேனா மாமா? உங்கள் பங்கு உள்ளே பத்திரமாக இருக்கிறது. அது உங்களுக்கு அடுத்த வருஷம்தான் பிடிக்கும். அதுவரை வைத்திருந்து தருகிறேன்."

பந்தியில் யாரோ இருமினார்கள். சடையாண்டிக்குப் பசி. ஆனால் மூத்தவர் அடைக்குக் கெஞ்சுவது அழகல்ல.

"அதுவரை சும்மா இருப்பானேன்?" என்றாள் மூவரி. "போன வருஷம் முள்ளம்பன்றி வீட்டுக் கிழங்கு எப்படி இருந்தது, சொல்லுங்களேன்."

கேட்டதுதான் தாமதம். சடையாண்டியின் கண்கள் பாதி மூடின. "போன வருஷமா? தோல் வெடித்து, உள்ளே வெண்ணெய். தின்னும்போது ஒரு தூறல் வந்தது. தணலில் துளி விழுந்து சுரீர் என்றது. எல்லோரும் மரத்தடிக்கு ஓடினோம், கிழங்கை மட்டும் விடாமல். அதுவல்லவா கிழங்கு!"

முள்ளம்பன்றி இலையிலிருந்து தலையைத் தூக்கியது. "போன வருஷம் அதைத் தின்றுவிட்டு, பாதி கருகல் என்றீர்களே?"

"நானா?"

"நீங்கள்தான், அண்ணே" என்றது கீரி. "பக்கத்திலேயே இருந்தேன். கருகல் என்றீர்கள், அதற்கு முந்தின வருஷத்துக் கிழங்குதான் கிழங்கு என்றீர்கள். முந்தின வருஷம் அது வேகவே இல்லை என்றீர்கள். உங்களுக்கு ஒரு சாப்பாடு சூடு ஆற ஒரு வருஷம் வேண்டும்."

பந்தி முழுவதும் சிரித்தது. முயல்கூட.

சடையாண்டி மறுக்க வாய் திறந்தார். கீரை, பனம்பழம், போன ஆண்டு, அதற்கு முந்தின ஆண்டு என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். எல்லாமே இப்போது இனித்தன. எதுவும் அன்று இனித்ததாக நினைவில்லை.

மூவரி சிரிக்கவில்லை. "மாமா, இன்றைக்கு உங்கள் இலை எப்படி இருக்கிறது?"

"காலியாக."

"அடுத்த வருஷம் ஆலடியில் எல்லா இலையும் இப்படித்தான். அதற்கடுத்த வருஷம் எதை நினைத்து ஏங்குவீர்கள்?"

சடையாண்டி காலி இலையைப் பார்த்தார். அதில் தெளித்த தண்ணீர் மட்டும் முத்து முத்தாக நின்றது. "கொஞ்சம் வை, மூவரி" என்றார்.

அடை வந்தது. பழக்கத்தில் அவர் கை முறுகிய ஓரத்தை ஒடித்து இலையின் இடப்பக்கம் ஒதுக்கி வைத்தது. எத்தனையோ மழையாக அப்படித்தான் வைக்கிறார். விருந்து முடியும்போது அது அங்கேயே கிடக்கும்.

கீரி கையை நீட்டி, கேட்காமல் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

சடையாண்டி திரும்பிப் பார்த்தார். "என்ன அண்ணே, சும்மாதானே கிடந்தது" என்றது கீரி, மென்றுகொண்டே.

அவர் மீதியை நிதானமாகத் தின்றார். அந்த ருசி வந்ததா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. விரல்களை நக்கினார். பிறகு இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார்.

எழுந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. வந்த வழியே திரும்பி, ஒவ்வொரு வாசலாக நின்று மல்லாந்த இலைகளை மடித்துக்கொண்டு போனார். மரநாய் சட்டம் தெரிந்த பிறவி. எழுந்துபோன பிறகு மடிக்க வழக்கத்தில் இடமுண்டா என்று கேட்டது.

"இலையைத் தின்பதற்கு மட்டும் இடம் இருந்ததா?" என்றது கீரி.

முயலின் வாசல் இலைதான் பழையது. வெயிலில் சருகாகியிருந்தது. மடித்தால் ஒடியும். சடையாண்டி சுனையில் இரண்டு கையாலும் அள்ளித் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தார். அது பதமாகும்வரை பக்கத்தில் குந்தியிருந்தார். பிறகு ஓசை வராமல் மடித்தார்.

மறு ஆண்டு மழை ஓய்ந்தது. முதல் மாலை முயல் கீரை பரிமாறியது. சடையாண்டி வழித்துத் தின்றார், கண்ணை மூடினார், பெருமூச்சு விட்டார்.

"போன வருஷத்துக் கீரை இருக்கிறதே, அதுதான் கீரை" என்றார்.

முயலின் காதுகள் தொங்கின. சொல்லிக்கொண்டே அவர் கை இலையை மடிப்பதைப் பார்த்ததும் மறுபடி நிமிர்ந்தன.

நீதி: இன்று உண்பதே நாளை ஏங்கும் ருசி; நேற்றைய விருந்தை நினைத்து இன்றைய அடுப்பை அணைக்காதே.