பொய்க்கோலை முறித்த மருதாயி

முன்னொரு காலத்திலே, ஏழு மலைக்கு அப்பால் செங்காவூர் என்றொரு ராஜ்யம் இருந்தது. அதன் நடுவே இரண்டு நேரான சாலைகள், கத்தரிக்கோலை விரித்தாற்போலச் சாய்வாக வெட்டிக்கொண்டு போயின. அந்தச் சந்திப்பில் ஒருநாள் கோரதந்தன் என்ற மந்திரவாதி தங்க அளவுகோலோடு வந்து நின்றான். போகிறவர் வருகிறவரை மறித்து எதிரெதிர் மூலைகளைக் காட்டி, “எது பெரியது?” என்பான். என்ன பதில் சொன்னாலும் கோல் வேறு மாதிரி காட்டும். சொன்னவர் கல்லாகிவிடுவார். “நீங்கள் சொன்னால் சரி, சாமி” என்று குனிந்தால் விட்டுவிடுவான். ஆனால் குனிந்த கழுத்து அப்புறம் நிமிரவே நிமிராது.

எட்டே மாதத்தில் ஊரில் பாதிப் பேர் கல், பாதிப் பேர் கூன். ராஜா மாடத்தைவிட்டு இறங்கவே இல்லை.

உப்பு விற்கப் போன பவளாயியும் கல்லானாள். செய்தி எட்டியதுமே அவள் தங்கை மருதாயி கிளம்பிவிட்டாள். வீடு கட்டுகிற இடங்களில் அஸ்திவாரத்துக்குக் கயிறு பிடிக்கிறவள் அவள். கையில் கயிறும் நாலு முளையும்தான்.

கோட்டைக் காவலன் கூன் கழுத்தோடு முணுமுணுத்தான். “குனிஞ்சுட்டுப் போயிடு தாயி. உயிராவது மிஞ்சும்.”

“அஸ்திவாரம் தோண்டத்தான் நான் குனிவேன் அண்ணே. இவனுக்கு மாட்டேன்.”

சந்திப்பில் அக்காள் கல்லாய் நின்றாள். தலைக் கூடையும் கல், கூடையிலிருந்த உப்பும் கல். மருதாயி அந்தக் கல் தோளைத் தொட்டுவிட்டுக் கயிற்றை அவிழ்த்தாள்.

“கயிறா கொண்டுவந்தாய்?” என்று சிரித்தான் கோரதந்தன். “இந்த மூலையைச் சரிபாதியாக வெட்டு, பார்ப்போம்!”

மருதாயி சாலைகள் வெட்டும் புள்ளியில் ஒரு முளை அடித்தாள். அங்கிருந்து ஒரே கயிற்றளவில் இரு சாலைகளிலும் ஒவ்வொரு முளை. அந்த இரண்டிலிருந்தும் ஒரே கயிற்றைச் சுழற்றி வில்லாகக் கோடு கிழித்தாள். வில்கள் வெட்டிய இடத்தில் நாலாம் முளை. அதிலிருந்து சந்திப்புக்கு நேர்கோடு இழுத்தாள். “இதுதான் பாதி.”

கோலை வைத்தான். “ஒரு பக்கம் பெரிது! என் கோல் சொல்கிறது!”

மருதாயியின் கால்கள் முழங்கால்வரை கல்லாயின.

“கோல் சொன்னால் ஆச்சா? ஏன் என்று சொல்!”

அவன் கோலைத் தட்டித் தட்டிக் காட்டினான்.

“அப்போ நான் சொல்றேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு முக்கோணம், அந்தப் பக்கம் ஒரு முக்கோணம். சாலைமேல் இருக்கிற பக்கங்கள் ஒரே அளவு. வில்லுக்குப் பிடித்த கயிறும் ஒரே அளவு. நடுக்கோடு ரெண்டுக்கும் பொது. ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் அச்சாய்ப் பொருந்தும். அப்புறம் எது பெரிது, எது சிறிது?”

கோலில் ஒரு விரிசல் விட்டது.

“அது கிடக்கட்டும்!” என்று கத்தினான். “கிழக்கு மூலை, எதிரே மேற்கு மூலை. எது பெரியது?”

“சமம்.”

கோல் மாற்றிக் காட்டியது. கல் இடுப்புக்கு ஏறியது.

“கோல் சொன்னால் ஆச்சா? ஏன் என்று சொல்! கிழக்கு மூலையும் வடக்கு மூலையும் சேர்ந்தால் ஒரு நேர்கோடு. மேற்கு மூலையும் அதே வடக்கு மூலையும் சேர்ந்தால் இன்னொரு நேர்கோடு. நேர்கோட்டின் விரிவில் பெரிது சிறிது உண்டா? ரெண்டிலிருந்தும் வடக்கை எடுத்துவிடு. மிச்சம்?”

கூன் விழுந்த கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “சமம்!”

இரண்டாம் விரிசல். கோரதந்தனின் குரல் கீச்சிட்டது. “இந்த ஒரு சந்திப்பில் சமமாக இருக்கலாம். உலகத்தில் ஆயிரம் சந்திப்பு இருக்கிறதே! எல்லாவற்றையும் அளந்துவிட்டாயா?”

கல் கழுத்துவரை ஏறிவிட்டது. வாய் ஒன்றுதான் பாக்கி. மருதாயி தலையை நிமிர்த்தினாள்.

“கோல் சொன்னால் ஆச்சா? ஏன் என்று கேள்! எந்த மூலை எத்தனை என்று நான் ஒரு அளவாவது சொன்னேனா? நேர்கோடு ரெண்டு வெட்டிக்கொண்டால் போதும். ஆயிரம் என்ன, லட்சம் சந்திப்பிலும் இதே நியாயம்தான். உன் மந்திரம் அளவைத்தான் மாற்றும். நியாயத்தை மாற்றுமா?”

படீர்! கோல் தூள்தூளானது. கோரதந்தன் ஒரு பிடி சாம்பலாகிக் காற்றோடு போனான். கற்கள் மூச்சுவிட்டன. கழுத்துகள் நிமிர்ந்தன. பவளாயி கூடையை இறக்கித் தங்கையைக் கட்டிக்கொண்டாள்.

அப்புறம்தான் ராஜா ஓடிவந்தார். “என்ன வேண்டும், கேள் அம்மா! பொன்னா? மாளிகையா?”

“இந்தச் சந்திப்பில் யாரும் யாரையும் ‘ஏன்’ என்று கேட்கலாம். கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும். அந்த உத்தரவு போதும் மகாராஜா.”

“தந்தேன்!”

“அப்படியென்றால் முதல் கேள்வி என்னுடையது. எட்டு மாதமாக நீங்கள் ஏன் இறங்கி வரவில்லை?”

ராஜா தன் மாடத்தைத் திரும்பிப் பார்த்தார். ஊரே நிமிர்ந்த கழுத்தோடு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் பதில் சொல்லட்டும்; நம் சோறும் கதையும் முடிந்தன, நாம் எழுந்து கை கழுவுவோம்.