டிவிப் பெட்டியில் வந்த டாக்டர் கொக்கு

ஆனைக்குளத்துக் காட்டில் அப்போது ஒரு டிவிப் பெட்டி இருந்தது. ஓய்வு விடுதிக்காரர்கள் தூக்கி எறிந்த பழைய பெட்டி. இரண்டு பக்கமும் மரக்கதவு உண்டு. நடுவில் கண்ணாடிதான் இல்லை. அதனால் என்ன? உள்ளே ஏறி நின்று யார் பேசினாலும் அது டிவிதான்!

சாயங்காலமானால் மொத்தக் காடும் குளக்கரையில் கூடிவிடும். அணில் உள்ளே உட்கார்ந்து தொடர்கதை சொல்லும். கதை சூடு பிடிக்கிற இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு, விளம்பரத்துக்கு இடம் விடும். அந்த நாட்களை நினைத்தால் வெள்ளியப்பன் என்ற கொக்குக்கு இன்றைக்கும் ஏக்கம்தான்.

ஆரம்பத்தில் விளம்பரம் என்றால் பாட்டுதான். காட்டுப்பன்றி தோண்டி வரும் கிழங்குக்காகக் கொண்டைக்குருவி பாடும்.

“கொட்டிக் கிழங்கே, கொட்டிக் கிழங்கே! குளத்துச் சேத்துக் குட்டிக் கிழங்கே!”

பின்னால் வெள்ளியப்பன் ஒற்றைக் காலில் நிற்பான். அவனுக்கு வசனம் கிடையாது. கிழங்கையே தொடாத சிறுத்தைகூட அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போகும். என்ன அருமையான காலம் அது!

அப்புறம் பேச்சு விளம்பரம் வந்தது. இரண்டு கௌதாரிகள் பேசிக்கொள்ளும்.

“அக்கா, உங்க முட்டை மட்டும் எப்படி இப்படிப் பளபளன்னு இருக்கு?”

“நான் குளத்துப் பாசி போட்டுல்ல தேய்க்கிறேன்!”

அதற்கும் பிறகு, ‘முன்பு, பின்பு’ விளம்பரம். மெலிந்த முயல் வந்து நிற்கும். கதவு மூடித் திறக்கும். கொழுத்த முயல் நிற்கும்! இரண்டும் அண்ணன் தம்பி என்று காட்டுக்கே தெரியும். தெரிந்தும் எல்லோரும் ஆவென்று பார்ப்பார்கள்.

கடைசியில் வந்தான் மணவாளன் என்ற மரநாய், புற்றுமண் களிம்போடு.

“வெள்ளியப்பண்ணே, என் களிம்புக்கு ஒரு டாக்டர் வேணும்.”

“நான் டாக்டர் இல்லையே!”

“யாரு இருக்கச் சொன்னா? உடம்பு பூரா வெள்ளை. நீ நின்னாலே டாக்டர்தான். ‘எந்தப் புண்ணுக்கும் நான் சிபாரிசு செய்வது இதைத்தான்!’ இவ்வளவுதான் வசனம்.”

முதல் வசனம்! வெள்ளியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. கழுத்தை மடக்கிப் பெட்டிக்குள் நின்று, கனைத்துவிட்டுச் சொன்னான். மறுநாளே ஆமை, “வணக்கம் டாக்டர்!” என்றது. நரி எழுந்து வழி விட்டது. வெள்ளியப்பனும் “ம்... ம்...” என்று தலையை ஆட்டிக்கொண்டான்.

ஒரு நாள் காலையில் புள்ளிமான் ஒன்று தன் குட்டியைத் தள்ளித் தள்ளி நடத்திக்கொண்டு வந்தது. குட்டியின் முன்னங்கால் வீங்கியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

“டாக்டர், நாலு நாளா உங்க களிம்பைத்தான் போடுறேன். வீக்கம் கூடிக்கிட்டே போகுது. இன்னும் எவ்வளவு போடணும், சொல்லுங்க!”

வெள்ளியப்பன் குனிந்து வீங்கிய காலைப் பார்த்தான். “வேற யார்கிட்டயாவது காட்டினியாம்மா?”

“முள்ளம்பன்றி அத்தை கூப்பிட்டாங்க. வேர் வேரா வச்சு வைத்தியம் பார்ப்பாங்களாம். டிவியில வர்ற டாக்டரை விட்டுட்டு, மண்ணைத் தோண்டுறவங்ககிட்ட யாராவது போவாங்களா?”

புதருக்குள்ளிருந்து மணவாளன் கிசுகிசுத்தான். “மூணு வேளை போடச் சொல்லுண்ணே! உண்மையைச் சொல்லிட்டா நாளைக்கு உன்னை யாரு டாக்டர்னு கூப்பிடுவா?”

அது சரிதான். யாரும் கூப்பிட மாட்டார்கள். குட்டி நிற்க முடியாமல் அவன் காலடியில் சாய்ந்தது. தாய்மான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அம்மா, நான் டாக்டர் இல்லை!” என்று கத்திவிட்டான் வெள்ளியப்பன். “வெள்ளையா இருக்கேன், அவ்வளவுதான்! அந்தக் களிம்பை நான் மோந்துகூடப் பார்த்ததில்லை. இரு, அத்தையை நானே கூட்டிட்டு வர்றேன்!”

அவன் பறந்தான்.

பகல் தூக்கம் கெட்ட எரிச்சலோடு முள்ளம்பன்றி வந்து சேர்ந்தது. களிம்பைக் கழுவிப் பார்த்தது.

“உள்ளே கருவேல முள்! அது வெளியே வர்ற வழியை மண்ணைப் பூசி அடைச்சிருக்கீங்க. ஆழமா இருக்கு, என் பல்லுக்கு எட்டாது.” சுற்றுமுற்றும் பார்த்தது. “இங்க வாடா டாக்டரே! அந்த நீள மூக்கு எதுக்கு இருக்கு?”

“எனக்கு ஒண்ணும் தெரியாதே அத்தை!”

“தெரியாதுன்னு சொல்லிட்டல்ல, இனி நான் சொல்றபடி செய். உள்ளே விடு... இன்னும் கொஞ்சம்... பிடி! இழு!”

வெள்ளியப்பன் மூக்கால் பற்றி இழுத்தான். விரல் நீள முள் வெளியே வந்தது. முள்ளம்பன்றி வேரை மென்று புண்ணில் வைத்துக் கட்டியது. மூன்றாம் நாள் குட்டி எழுந்து நின்றது. தாய்மான் வெள்ளியப்பனைத் திட்டவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. மணவாளன் வேறு காட்டுக்குக் குடிபோனான்.

அடுத்த மழையில் டிவிப் பெட்டி உளுத்து விழுந்தது. சில சாயங்காலங்களில் வெள்ளியப்பன் அந்த இடத்தில் வந்து நிற்பான். “வணக்கம் டாக்டர்!” என்று இப்போது யாரும் சொல்வதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, இல்லாமல் என்ன? ஆனால் அந்த மான்குட்டி நாலு காலில் துள்ளி எதிரே வரும்போது, அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

நம்மை நம்பிக் கேட்கிறவர்களிடம், தெரியாததைத் தெரியாது என்று சொல்வதே நாம் செய்யக்கூடிய முதல் உதவி.